நான் வேலை பார்த்த வார்டிலேயே செய்த செயல் ஆராய்ச்சி: ஏற்புடைமை உண்டா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

இரண்டாம் ஷிப்ட் கேட்டது:

வணக்கம். எம்.எஸ்சி நர்ஸிங் முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். தீசிஸுக்காக, நான் வேலை பார்த்த மெடிக்கல் வார்டிலேயே படுக்கைப்புண் தடுப்பு பற்றிச் செயல் ஆராய்ச்சி (வேலையிடத்திலேயே ஒரு மாற்றத்தைச் செய்து, விளைவைப் பார்த்து, அதற்கேற்ப மறுபடி மாற்றிப் பார்க்கும் ஆய்வு) செய்தேன். 28 படுக்கைகள். பக்கவாதம் வந்தவர்கள், மூச்சுத்திணறலோடு சாய்ந்தே கிடப்பவர்கள், நினைவு தப்பியவர்கள் என்று தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

எட்டு மாதம் நடந்தது. முதல் இரண்டு மாதம் எதையும் மாற்றவில்லை, பதிவு மட்டும். அப்புறம் மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றும் இரண்டு மாதம். முதல் சுற்றில் பிரேடன் அளவுகோலை (படுக்கைப்புண் வரும் அபாயத்துக்கு மதிப்பெண் போடுவது, மதிப்பெண் குறைந்தால் அபாயம் அதிகம்) எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து, தினமும் தோலைப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். இரண்டாம் சுற்றில் ஹேண்ட் ஓவரை நர்ஸிங் ஸ்டேஷனிலிருந்து படுக்கை அருகே மாற்றினோம். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து முதுகையும் குதிகாலையும் பார்த்த பிறகுதான் பொறுப்பு கைமாறும். மூன்றாம் சுற்றில் மாதம் இரண்டு முறை பதினைந்து நிமிடக் கூட்டம் வைத்து, எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று பேசினோம்.

மாதவாரியாகப் பதிவான புதுப் புண்கள்: 3, 4, 8, 9, 6, 4, 2, 2.

தீசிஸைக் கொடுப்பதற்கு முந்தைய பிரசன்டேஷனில் ஒரு பேராசிரியர் கேட்டார்: "மாற்றம் எதுவும் செய்யாமல் ஒப்பிடுவதற்கென்று வைக்கும் கட்டுப்பாட்டுக் குழு இல்லை. நீங்களே மாற்றம் செய்து நீங்களே அளந்திருக்கிறீர்கள். நடுவில் எண்ணிக்கை இரண்டு மடங்காகியிருக்கிறது. இதில் வேலிடிட்டி, அதாவது ஏற்புடைமை, எங்கே?" எனக்குப் பதில் வரவில்லை. தரவு சேகரித்த கருவியை ஐந்து நிபுணர்களிடம் காட்டி, அதிலுள்ள கேள்விகள் பொருத்தமானவைதானா என்று அவர்கள் சொன்னதை வைத்து உள்ளடக்க ஏற்புடைமைக் குறியீடு கணக்கிட்டு வைத்திருந்தேன். ஏற்புடைமை என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு தேடிப் படித்தால் மூன்று பட்டியல்கள் கிடைத்தன. லிங்கன், கூபா 1985ல் சொன்ன நான்கு அளவுகோல்கள். ஹெதர் வாட்டர்மேன் 1998ல் நர்ஸிங் செயல் ஆராய்ச்சிக்கென்றே எழுதிய மூன்று. ஹெர், ஆண்டர்சன் 2005ல் சொன்ன ஐந்து. எல்லாம் படிக்க நன்றாக இருக்கின்றன. ஆனால் எதை வைத்து என் வேலையை எடைபோடுவது? நான் செய்தது ஆராய்ச்சிதானா, இல்லை வார்டில் ஒரு நல்ல காரியம் மட்டும்தானா? வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

புள்ளியியல் வாத்தியார் எழுதியது:

அந்தப் பேராசிரியர் கேட்டதில் தவறில்லை. மனம் தளராமல் கேளுங்கள். நான் கேட்பது மூன்று விஷயம்.

இந்த எண்களுக்குக் கீழே என்ன இருக்கிறது? மூன்றாம் மாதம் 8 என்றால், எத்தனை நோயாளி நாட்களுக்கு (ஒவ்வொரு நாளும் வார்டில் இருந்தவர்களை எண்ணிக் கூட்டியது) 8? வார்டு நிரம்பி வழிந்த மாதமும் பாதி காலியாக இருந்த மாதமும் ஒன்றல்ல. 1000 நோயாளி நாட்களுக்கு எத்தனை என்று மாற்றி, எட்டுப் புள்ளிகளையும் வரிசையாக ஒரு கோட்டில் போடுங்கள். 'முன்', 'பின்' என்று இரண்டு சராசரியாக்கி ஒப்பிட்டால் நடுவில் நடந்தது மறைந்துபோகும்.

இரண்டாவது, படுக்கைப்புண் அதிகமாக இருந்த காலத்தில்தான் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆய்வைத் தொடங்கத் தோன்றும். உச்சத்தில் தொடங்கினால் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த மாதங்களில் எண்ணிக்கை சராசரியை நோக்கி இறங்கும். உங்களுக்கு அப்படி நடந்ததா?

மூன்றாவது, எட்டு மாதத்தில் வார்டில் வேறு என்ன மாறியது? புது ஸ்டாஃப், புது மருத்துவர், புது உபகரணம், எதுவாக இருந்தாலும்.

செயல் ஆராய்ச்சிக்கு வேறு விதி என்று சொல்லி இந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்க முடியாது என்பது என் கருத்து.

பழைய இன்சார்ஜ் எழுதியது:

சிஸ்டர், முதலில் அந்த 8, 9 பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தீசிஸிலேயே உயிருள்ள இடம் அதுதான். நீங்கள் அதைக் கண்டு பயந்திருக்கிறீர்கள்.

முதல் நிலைப் படுக்கைப்புண்ணில் தோல் உடைந்திருக்காது. அழுத்தினால் வெளுக்காத சிவப்பு, அவ்வளவுதான். கருத்த தோலில் அந்தச் சிவப்பும் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. கையை வைத்துப் பார்த்துச் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கல்போலவோ சொதசொதவென்றோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்றுதான் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் தோலைப் பார் என்று யாரும் சொல்லாத வார்டில் இதெல்லாம் பதிவேட்டுக்கு வரவே வராது. தோல் கிழிந்து நீர் கசிந்த பிறகுதான் எழுதுவார்கள். அதனால் உங்கள் முதல் இரண்டு மாதத்து 3, 4 குறைவான எண்ணாக இருக்க வாய்ப்பில்லை. பார்க்கப்படாத எண் அது. எட்டு மாதத்து எண்களையும் முதல் நிலை, அதற்கு மேற்பட்ட நிலை என்று பிரித்துப் பாருங்கள். முதல் நிலை ஏறி, ஆழமான புண் ஏறாமல் இருந்தால், உங்கள் முதல் சுற்று வேலை செய்தது என்பதற்கு அதுவே சான்று.

இப்போது என் கதை. நீளம்தான், ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு நரம்பியல் வார்டில் இன்சார்ஜாக இருந்தபோது இதே படுக்கைப்புண்ணுக்காகச் செயல் ஆராய்ச்சி செய்தேன். இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து ஒரு சார்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சார்ட்டை நிபுணர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் கட்டங்கள் நூற்றுக்கு நூறு நிரம்பின. மகிழ்ந்துபோனேன். ஆனால் புண் குறையவில்லை. பாயிலும் உணவிலும் காரணம் தேடினேன். ஒரு நாள் டூட்டிக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன், மணி ஐந்தரை. ஆறு மணிக் கட்டத்தில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. எட்டு நோயாளிகளுக்கும். ஒரே பேனா, ஒரே சாய்வு.

அன்று நைட் ஸ்டாஃபிடம் கோபமாகப் பேசினேன். அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வார்டு உதவியாளர் ஒருவர் வந்து சொன்னார்: "சிஸ்டர், ராத்திரி ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் ஒரு ஸ்டாஃப் ஊசி போட்டுக்கிட்டு இருப்பாங்க. இன்னொருத்தர் தனியா ஒரு ஆளைப் புரட்ட முடியாது. கட்டத்தைக் காலியா விட்டா நீங்க என்ன சொல்வீங்களோன்னு பயம். அதான் எழுதிடறாங்க."

அந்தச் சார்ட் அளந்தது நோயாளியைப் புரட்டியதை அல்ல, என்மீதான பயத்தை. நிபுணர்கள் கொடுத்த குறியீடு எவ்வளவு உயர்வாக இருந்தாலும் அதில் இது தெரிந்திருக்காது. கருவி சரியாக இருப்பது வேறு, அந்தக் கருவி யார் கையில், யார் முன்னால் நிரப்பப்படுகிறது என்பது வேறு. பிரசன்டேஷனில் உங்களுக்குப் பதில் வராததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு சார்ட்டை மாற்றினோம். கையெழுத்தை எடுத்துவிட்டோம். 'புரட்ட முடியவில்லை, ஏன்?' என்று ஒரு பத்தி சேர்த்தோம். மறு வாரமே கட்டங்கள் காலியாக ஆரம்பித்தன. காகிதத்தில் பார்த்தால் ஆய்வு படுமோசமாகிவிட்டது. ஆனால் முதல்முறையாக எனக்கு உண்மை தெரிந்தது. காலியான கட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே அதிகாலை இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில். என் ஆராய்ச்சிக் கேள்வியே மாறிப்போனது. 'நர்ஸ்கள் ஏன் புரட்டுவதில்லை' என்று தொடங்கியவள், 'இரண்டு பேர் சேர்ந்து நிற்கக்கூடிய நேரம் எது' என்று கேட்க ஆரம்பித்தேன். மருத்துவரிடம் பேசி, நேரம் தள்ளலாம் என்று அவர் ஒப்புக்கொண்ட ஊசிகளை மட்டும் நகர்த்தி, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று வரும் நேரத்தை உண்டாக்கினோம். அதற்குப் பிறகுதான் ஏதாவது மாறியது.

இதை வைத்துக்கொண்டு வாட்டர்மேன் சொன்ன மூன்றையும் திரும்பப் படியுங்கள். இயங்கியல் ஏற்புடைமை என்றால், செயலும் கருத்தும் ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டே போனதா, இடித்துக்கொண்ட இடத்தை மறைக்காமல் காட்டினீர்களா என்பது. விமர்சன ஏற்புடைமை என்றால், அதிகாரம் யாரிடம் இருந்தது, உங்கள் மாற்றத்தால் யாருக்கு நன்மை, யார் தலையில் சுமை என்று பார்த்தீர்களா என்பது. தன்னாய்வு ஏற்புடைமை என்றால், உங்களையே நீங்கள் ஆய்வுக்குள் வைத்தீர்களா என்பது. நான் முதல் மாதத்தோடு நிறுத்தி, நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கொடுத்திருந்தால் மூன்றுமே பூஜ்யம்.

உங்கள் மூன்று பட்டியலையும் தீசிஸில் அடுக்காதீர்கள். லிங்கன், கூபாவின் நான்கும் எண்களைவிடப் பேச்சையும் அனுபவத்தையும் வைத்துச் செய்யும் பண்புசார் ஆய்வு முழுவதற்குமாகச் சொன்னவை. நாட்குறிப்பு, தரவுத் தடம் இவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்ள உதவும். ஆனால் 'மாற்றம் நடந்ததா, அது யாருடையது' என்று அவை கேட்பதில்லை. செயல் ஆராய்ச்சிக்கு அந்தக் கேள்வி இல்லாமல் முடியாது. ஹெர், ஆண்டர்சனின் ஐந்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஜனநாயக ஏற்புடைமை, அதாவது பிரச்சினையில் பங்குள்ள எல்லோரும் ஆய்விலும் பங்கெடுத்தார்களா என்பது. உங்கள் ஆய்வில் வார்டு உதவியாளர்கள் எங்கே? புரட்டும் வேலையில் பாதி அவர்கள் கையில்தான். கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிட்டீர்களா? நோயாளி என்ன சொன்னார்? படுக்கை அருகே ஹேண்ட் ஓவர் என்றால் நாலு பேர் முன்னால் ஒருவர் முதுகைத் திறந்து பார்ப்பது. திரை இழுத்தீர்களா, சம்மதம் கேட்டீர்களா? இதெல்லாம் ஒழுக்க விதி அத்தியாயத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். கூச்சப்பட்டு ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால், உங்கள் பதிவில் அன்று ஒரு புண் குறையும்.

கட்டுப்பாட்டுக் குழு பற்றி. கர்ட் லெவின் 1946ல் செயல் ஆராய்ச்சியை விவரித்தபோதே திட்டமிடுதல், செய்தல், செய்ததன் விளைவைக் கண்டறிதல், அதிலிருந்து அடுத்த திட்டம் என்று சுழன்று போகும் படிகளாகத்தான் சொன்னார். தலையீடே நடுவில் மாறும், மாற வேண்டும். மாறாத ஒரு தலையீட்டை வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிடுவது வேறு வேலை. ஆனால் இதை வைத்துப் பேராசிரியரை மடக்கப் பார்க்காதீர்கள். 'படுக்கை அருகே ஹேண்ட் ஓவர் செய்தால் படுக்கைப்புண் குறையும்' என்று முடிவுரையில் ஒரு வரி எழுதினால், அவர் கேட்ட கட்டுப்பாட்டுக் குழுவை நீங்கள் காட்டித்தான் ஆக வேண்டும். 'இந்த வார்டில், இந்த நிலைமையில், இதைச் செய்தபோது இன்னது தெரிந்தது, அதனால் இப்படி மாற்றினோம்' என்று எழுதினால் வேறு கடன் வருகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் யார் என்ன சொன்னார், நீங்கள் எதைக் கைவிட்டீர்கள் என்ற தடத்தைக் காட்ட வேண்டும். என் அனுபவத்தில் இந்தக் கடன் சின்னதல்ல.

யாராவது செயல் ஆராய்ச்சிக் கட்டுரை கொடுத்தால் நான் நேராகத் தேடுவது, ஆய்வாளர் தவறென்று தெரிந்துகொண்ட இடத்தைத்தான். மூன்று சுற்றும் வழுக்கிக்கொண்டு போயிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். 'முடிவுகளைச் சக ஊழியர்களிடம் காட்டினோம், அனைவரும் ஏற்றுக்கொண்டனர்' என்ற வரியிலும் நிற்பேன். இன்சார்ஜ் காட்டினால் ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

புள்ளியியல் சார் கேட்ட மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுங்கள். எண்களைப் பற்றி அவர் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை.

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

மேடம், நேற்று இரவு பதிவேட்டை எடுத்து உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். முதல் இரண்டு மாதத்தில் முதல் நிலை என்று ஒன்றுகூடப் பதிவாகவில்லை. எல்லாம் தோல் உடைந்தவை. இரண்டாம் நிலையும் அதற்கு மேலும் மட்டும் எண்ணினால் எட்டு மாதத்துக்கு 3, 4, 2, 2, 2, 1, 1, 0. நடுவில் ஏறியது முழுக்க முதல் நிலைதான்.

வார்டு உதவியாளர்களை முதல் இரண்டு சுற்றிலும் நான் கூப்பிடவில்லை. மூன்றாம் சுற்றில் அவர்களாகவே வந்து நின்றார்கள். திரை இழுத்தோம். ஆனால் இரண்டு பெண் நோயாளிகள் வேண்டாம் என்று சொன்னதாக நாட்குறிப்பில் இருக்கிறது. அதைத் தீசிஸில் சேர்க்கவில்லை. இப்போது சேர்க்கிறேன்.

சார், நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆறாம் மாதக் கடைசியில் நிர்வாகம் வார்டுக்கு நான்கு ஏர் பெட் (உடம்பில் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் தடுக்கும் காற்று மெத்தை) கொடுத்தது. என் ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைத் தீசிஸில் எங்கேயும் எழுதவில்லை. எழுதினால் என் மூன்றாம் சுற்றே செல்லாது என்று ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

புள்ளியியல் வாத்தியார் எழுதியது:

இதைச் சொன்னதற்கு நன்றி. கோட்டில் ஆறாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு 'ஏர் பெட் வந்தது' என்று எழுதிவிடுங்கள். ஆழமான புண்கள் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருப்பது வாசகருக்குத் தானாகத் தெரியும். ஏழு, எட்டாம் மாத இறக்கத்தை மட்டும் உங்கள் கூட்டங்களின் கணக்கில் எழுத முடியாது. ஒன்று சொல்ல வேண்டும்: இவை மிகச் சின்ன எண்கள். 2க்கும் 1க்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு நோயாளி. வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று பார்க்கும் முக்கியத்துவச் சோதனை எதுவும் போடாதீர்கள், போட்டாலும் அதற்கு அர்த்தமில்லை. நோயாளி நாட்களை மட்டும் மறக்காமல் போடுங்கள்.

பழைய இன்சார்ஜ் எழுதியது:

ஏர் பெட் வந்தது உங்கள் ஆய்வைக் கெடுக்கவில்லை. மறைத்திருந்தால் கெடுத்திருக்கும். வார்டில் எட்டு மாதம் எதுவுமே மாறாமல் இருக்காது என்பது வைவாவில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நான்கு ஏர் பெட், தேவைப்படுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். அவற்றை யாருக்குப் போட்டீர்கள், யார் முடிவு செய்தது?

இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

முதல் வாரம் யார் முதலில் கேட்டார்களோ அவர்களுக்குப் போட்டோம். எழுந்து உட்காரக்கூடிய ஒருவருக்குக்கூட ஒரு ஏர் பெட் போயிருந்தது. அடுத்த கூட்டத்தில் நைட் டூட்டி ஸ்டாஃப் ஒருவர், காலை ஹேண்ட் ஓவரில் தோல் பார்க்கும்போதே பிரேடன் மதிப்பெண் சொல்கிறோமே, மிகக் குறைந்த மதிப்பெண் உள்ள நாலு பேருக்கு மாற்றிவிடலாமே என்றார். யாரைத் தனியாகப் புரட்டவே முடியாதோ அவரையும் அதில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வார்டு உதவியாளர் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஏர் பெட் யாருக்கு என்று படுக்கை அருகிலேயே முடிவாகிறது. நான் வார்டை விட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது, இப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று போனில் சொன்னார்கள்.

கூட்டக் குறிப்பில் தேதியோடு இருக்கிறது. என் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் யோசனை என்னுடையது இல்லை. அந்தப் பக்கத்தைப் பின்னிணைப்பில் சேர்ப்பதற்கு இரண்டு பேரிடமும் இன்றைக்கே சம்மதம் கேட்கிறேன்.